ரோஸிலி டீச்சரின் பதினாறாவது பரிசோதனை

சாராம்மா மிஸ் மஸ்கட்டுக்குப் புறப்பட்டுப் போனது 1997 மார்ச் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. அப்போது எனக்கு மூன்று வயது. ஆனாலும் நாளும் கிழமையும் மனப்பாடம், ரோஸிலி டீச்சர் அத்தனை முறை சொல்லியிருக்கிறார். தன் கல்யாண நாளை டீச்சர் இரண்டு முறை மறந்திருக்கிறார். கணவர் பொறிஞ்சுவின் பிறந்தநாள் அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் புதன்கிழமை மட்டும் மறந்ததே இல்லை.

திருச்சூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் கல்லூரி. வாசலில் வெள்ளை அம்பாசடர். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கும் முப்பத்திரண்டு பெண்களும் வெயிலில் நின்றார்கள். சாராம்மா மிஸ் அவர்களுக்கு இயற்பியல் எடுத்தவர். கணவர் மஸ்கட்டில் இருந்தார். விசா திடீரென்று வந்துவிட்டது. ஐந்து வருடம் சம்பளமில்லா விடுப்பு. பெட்டிக்குள் தேங்காய்க் கொத்து போட்டு வறட்டிய மாட்டிறைச்சி, மாங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் வறுவல், இவற்றுக்கு நடுவே முப்பத்தோரு ரெக்கார்டு நோட்டுகள். திருத்த நேரம் கிடைக்காததால் அவற்றையும் கடல் கடந்து கூட்டிப் போகிறார்.

“பிளேன்ல உக்காந்து திருத்திடுவேன். எங்க ஃபிளாட்டுக்குக் கீழ இருக்கற ஜோஸ் ஈஸ்டருக்கு லீவுல வர்றான். அவன்கிட்ட குடுத்தனுப்பறேன். பிராக்டிகலுக்கு நாலு வாரம் இருக்குல்ல, ஏன்டீ எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போடறீங்க?”

“மிஸ்ஸே, ஊறுகா ஒழுகி நோட்டெல்லாம் நாறிடும்,” என்றாள் ஒருத்தி.

“நாறட்டும். உள்ள இருக்கற ரீடிங்கோட நாத்தம் அதுல மறைஞ்சிடும்.”

ரோஸிலி எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “என்னோடது எங்க மிஸ்ஸே?”

“உன்னோடது கைப்பையில,” என்று மிஸ் தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினார். முப்பத்திரண்டு பேரில் தன் நோட்டு மட்டும் கைப்பையில் போகிறது என்று ரோஸிலிக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

ஈஸ்டருக்கு ஜோஸ் வந்தான். நோட்டுகளும் வந்தன, வாசனைத் தைலமும் பால்பவுடரும் கலந்த மணத்தோடு. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. ரோஸிலியின் நோட்டைக் காணோம். ஜோஸைப் பிடித்து உலுக்கினார்கள். “என்கிட்ட குடுத்தது இவ்வளவுதான்” என்று அவன் புனித அந்தோணியார்மேல் சத்தியம் செய்தான்.

ரெக்கார்டு என்றால் வேறொன்றுமில்லை. வருடம் முழுக்க லேபில் செய்த பதினாறு பரிசோதனைகளை அளவுகளோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பாடம் எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிய நோட்டு. அது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். செய்முறைத் தேர்வு தேறாமல் இயற்பியல் தேறாது. இயற்பியல் தேறாமல் கணிதப் பட்டம் கிடைக்காது. நம் ஊர்களில் கணிதப் பட்டம் வாங்கக் கணிதம் போதாது. ஆங்கிலம் வேண்டும், யாரோ ஒரு வெள்ளைக்காரன் டாஃபோடில் பூவைப் பார்த்து உருகியதற்கு நாமும் இரண்டு பக்கம் உருக வேண்டும். மலையாளமோ இந்தியோ வேண்டும். புள்ளியியல் வேண்டும். பித்தளை உருண்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். இவ்வளவையும் தாண்டி வந்தவளிடம்தான், அப்புறம் உனக்குக் கணக்கு வருமா என்று மெல்லக் கேட்பார்கள்.

துறைத்தலைவி சிஸ்டர் பிளாசிடா ரோஸிலியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“ரெக்கார்டு எங்க?”

“மஸ்கட்ல இருக்கு சிஸ்டர்.”

“அது எப்படி அங்க போச்சு?”

“பிளேன்ல போச்சு சிஸ்டர்.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சரின் கணக்குப்படி, பட்டம் கைநழுவியது அந்தச் சிரிப்பில்தான். அதுவரை சிஸ்டருக்கு மனம் இரங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு வழிதான் சொன்னார்: “எட்டு நாள் இருக்கு. பதினாறையும் லேப்ல வந்து மறுபடி செய். என் கண்ணு முன்னாடி செய். கையெழுத்து போடறேன்.”

ரோஸிலி செய்யவில்லை. பிடிவாதம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மை அதைவிடக் கேவலமானது. பதினாறில் ஒன்றைக்கூட ரோஸிலி அதற்கு முன்னால் செய்ததில்லை.

அந்த லேபில் யாரும்தான் ஒழுங்காகச் செய்ததில்லை. அங்கே விடை முதலில், அளவு பிறகு. புவியீர்ப்பு 9.8 வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது அல்லவா, அங்கிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை நொடி ஆடியிருக்கும் என்று எழுதிக்கொள்வது. இதற்கு ‘ரீடிங் சமைப்பது’ என்று பெயர். எல்லாரும் சமைத்தார்கள். ஆனால் மற்றவர்கள் சமையலில் உப்பு கூடியிருக்கும், எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். ரோஸிலியின் சமையலில் பிழைகள்கூட அளந்து போட்டதாக இருக்கும். ஒரு வரி கொஞ்சம் ஏறும், அடுத்தது கொஞ்சம் இறங்கும், ஓரிடத்தில் கை நடுங்கியதுபோல் ஒரு தவறு, அதை அடித்துத் திருத்திய கோடு. வகுப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் சமைத்துக் கொடுத்தாள். ஒரு பரிசோதனைக்கு ஒரு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, கூலி. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைக் கடைசியாக பிப்ரவரியில்தான் எழுதினாள், லேப் பக்கமே போகாமல், வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு.

“ஒரு பொய்ய ரெண்டு தடவ ஒரே மாதிரி சொல்றது ரொம்பக் கஷ்டம்டீ,” என்று டீச்சர் பின்னாளில் என்னிடம் சொன்னார். “உண்மைன்னா எத்தன தடவ வேணா எழுதலாம். எனக்கு அந்த வசதி இல்லாமப் போச்சு. அதுவும் அந்தப் பிளாசிடா சிஸ்டர் கண்ணு முன்னாடி!”

மூன்றாம் வருடம் கணிதத் தாள்கள் எல்லாவற்றிலும் ரோஸிலி கல்லூரியிலேயே முதல். மதிப்பெண் பட்டியலின் அடியில் மட்டும் ‘நிறைவு பெறவில்லை’ என்று அச்சாகி வந்தது. அடுத்த வருடம் எழுதலாம் என்று இருந்தபோது கல்யாணம். அதற்கடுத்த வருடம் குழந்தை. அதற்கும் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. பழைய திட்டத்துக்குத் தேர்வு கிடையாது என்று அறிவித்தார்கள். கதை முடிந்தது.

முடிந்த இடத்திலிருந்துதான் டீச்சரானார். ஒல்லூரில் தேவாலயத்துக்கு எதிரே வறீதேட்டனின் சவப்பெட்டிக் கடை. அதற்கு மேல்மாடியில் கணித வகுப்பு. கல்லூரித் தேர்வில் தோற்றவர்கள்தான் அங்கே வருவார்கள். நான் 2013இல் ரியல் அனாலிஸிஸில் பதினோரு மதிப்பெண் வாங்கிவிட்டுப் போனேன். படியேறும்போது கீழே வறீதேட்டன் பெட்டிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டே கேட்டார்: “எந்த பேப்பர் போச்சு?”

“ரியல் அனாலிஸிஸ்.”

“ஆங், அதுல போனவங்கதான் ஜாஸ்தி. மேல போ மோளே. இங்க வர்றதுக்கு இன்னும் டைம் இருக்கு.”

மேலே டீச்சர் ஒரு கையில் சாக்பீஸும் மறுகையில் பரிப்புவடையுமாக நின்றிருந்தார். கல்லூரியில் ஒரு வருடம் முழுக்கப் புரியாத எப்சிலான், டெல்டாவை அன்று அரைமணி நேரத்தில் புரிய வைத்தார்.

“எப்சிலான் யாரு? மாமியார். டெல்டா யாரு? மருமக. மாமியார் எவ்வளவு சின்னக் குத்தம் கண்டுபிடிச்சாலும் சரி, ஊசி முனை அளவு கண்டுபிடிச்சாலும் சரி, மருமககிட்ட அதுக்கேத்த ஒரு பதில் இருக்கணும். அப்படி இருந்தா அந்தக் குடும்பம் தொடர்ச்சி உள்ளது. மாமியார் என்னைக்காவது ஒரு குத்தம் சொல்லி மருமக பதில் இல்லாம நின்னான்னா, அங்க ஓட்டை. யாரு முதல்ல பேசணும்?”

“மாமியார்!”

“பரீட்சையில இத மாத்தி எழுதிட்டுதான்டீ நீங்கள்லாம் இங்க வந்து உக்காந்திருக்கீங்க.”

அடுத்த தேர்வில் நான் அறுபத்திரண்டு. என்னைப்போல நானூறு ஐந்நூறு பேரை அந்தச் சவப்பெட்டிகளுக்கு மேலே உட்கார வைத்துக் கரையேற்றியிருக்கிறார். வறீதேட்டனுக்கும் ஆறுகோணப் பெட்டிக்கு எவ்வளவு பலகை வீணாகாமல் வெட்டலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால் வாடகைப் பேச்சு எழுந்ததில்லை.

மாடிப்படியின் கீழே ஒரு பெயர்ப்பலகை உண்டு. பெயின்டர் சுகுணன் யாரையும் கேட்காமல் ‘ரோஸிலி, பி.எஸ்சி.’ என்று எழுதிவிட்டான். டீச்சர் பார்த்ததும் பின்பாதியை அழிக்கச் சொன்னார். சுகுணன் அழித்தான், கால்புள்ளியை மட்டும் விட்டுவிட்டான். ‘ரோஸிலி,’ என்று பலகை இருபது வருடமாக எதையோ சொல்ல வந்து நின்றுபோயிருந்தது. கேட்பவர்களிடம் டீச்சர், “மீதி மஸ்கட்ல இருக்கு” என்பார்.

நான் பட்டம் வாங்கியபின் ஊரில் தங்கவில்லை. ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு 2022 ஜூலையில் திரும்பி வந்தபோது, பையை வீட்டில் வைத்த கையோடு ஒல்லூருக்குத்தான் போனேன். மாடியில் பதினான்கு பேர் இருந்தார்கள். முன்பெல்லாம் அறுபது பேர் இருப்பார்கள், ஜன்னல் கட்டையில்கூட இடம் இருக்காது.

“என்ன டீச்சரே, பசங்கல்லாம் திடீர்னு புத்திசாலி ஆயிட்டாங்களா?”

டீச்சர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் போட்டார். ஜங்ஷனில் புதிதாக ஒரு டுட்டோரியல். குளிர்சாதன வசதி. ‘பட்டம் பெற்ற ஆசிரியர்களால் மட்டுமே நடத்தப்படுவது’ என்று கொட்டை எழுத்து. ‘மட்டுமே’ மட்டும் சிவப்பில்.

“அந்தச் சிவப்பு எனக்காக,” என்றார். “அவன் வீடு வீடாப் போயி சொல்றான், அந்தம்மா டிகிரி முடிக்காதவன்னு. போன வாரம் ஒரு தாய் வந்து கேக்கறா, ‘டீச்சரே, நீங்க எந்த பேப்பர்ல தோத்தீங்க?’ன்னு. பெத்த பொண்ணு முன்னாடி. நான் என்ன சொல்ல? கணக்குல தோக்கல, ஊசல்ல தோத்தேன்னு சொல்லவா?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கடிக்க எடுத்த பரிப்புவடை கையிலேயே இருந்தது, தின்னவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வகுப்பை மூடிவிடலாம் என்று பொறிஞ்சுவிடம் சொல்லியிருக்கிறார். பொறிஞ்சு தேவாலயப் பெருநாள்களுக்கு கிளாரினெட் வாசிப்பவர். “மூடு. நானும் வாசிக்கறத நிறுத்தறேன். ரெண்டு பேரும் சேர்ந்து வறீதேட்டன் கடையில ஆளுக்கொரு பெட்டி பார்த்துப் படுத்துக்கலாம்” என்றாராம்.

வழி பிறந்தது மரணப் பக்கத்தில். வறீதேட்டன் பேப்பரை அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவார், தொழில் அப்படி. ஆகஸ்டில் ஒருநாள் கீழேயிருந்து கூவினார்:

“டீச்சரே! சீக்கிரம் வாங்க, உங்க பேருக்கு ஒண்ணு வந்திருக்கு!”

“அந்தப் பக்கத்துலயா வறீதேட்டா? எப்ப அடக்கம்?”

இறந்தவர்களின் படங்களுக்குக் கீழே பல்கலைக்கழக அறிவிப்பு. பழைய பாடத்திட்டத்தில் படித்து ஏதாவது பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கருணைத் தேர்வு. ‘மெர்சி சான்ஸ்’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தூக்குக் கைதிக்கும் பி.எஸ்சி. தோற்றவனுக்கும் மட்டும் தரப்படுவது. இதற்குப் பிறகு கிடையவே கிடையாது என்று கீழே அழுத்தி அச்சடித்திருந்தார்கள்.

நானும் டீச்சரும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பிரிவு அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தொண்ணூத்தஞ்சு அட்மிஷனா? அந்த ஃபைலத் தின்ன கரையான் இந்நேரம் எம்.எஸ்சி. முடிச்சிருக்கும்.”

“அதுக்காவது குடுத்தீங்களே சாரே.”

அவர் சிரித்தார். ஆனால் விதியை மாற்றவில்லை. ரெக்கார்டு கட்டாயம். பழையது கிடைத்தால் அதில் அன்றைய ஆசிரியரின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் ஒரு கல்லூரியில் பதினாறையும் புதிதாகச் செய்து கையெழுத்து வாங்க வேண்டும்.

சாராம்மா மிஸ் ஐந்து வருட விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை, மஸ்கட்டிலேயே ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. வாட்ஸப் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஜிஸ்மி. அவளும் சவப்பெட்டிக்கு மேலே கணக்குப் படித்தவள்தான். இப்போது அதே பெண்கள் கல்லூரியில் இயற்பியல் லேபுக்கு அவள்தான் பொறுப்பு. டீச்சர் எழுதினார்: ‘மிஸ்ஸே, நான் ரோஸிலி, 97 பேட்ச். என் ரெக்கார்டு உங்ககிட்ட இருக்கா?’ இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

“படிச்சிட்டாங்க. கண்ணு தெரியுது, கைதான் வரல,” என்றார் டீச்சர். அதற்குமேல் எழுதவில்லை.

ஆக, நாற்பத்தைந்து வயதில் ரோஸிலி டீச்சர் அந்த லேபுக்குள் போனார். சுற்றிலும் பதினெட்டு வயசுப் பெண்கள். “ஆன்ட்டி, அந்த ஸ்டாப்வாட்ச் வேலை செய்யாது, இத வெச்சுக்கோங்க” என்று உதவினார்கள். முதல்நாள் சாதாரண ஊசல். கவனமாக எண்ணி, எழுதி, கணக்குப் போட்டால் புவியீர்ப்பு 10.7.

“ஒல்லூர்க்காரங்களுக்கு ஈர்ப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும் டீச்சரே, பெருநாளுக்குத் தின்ன போர்க்கு எல்லாம் எங்க போகும்,” என்றாள் ஜிஸ்மி. ஒரு வாரம் கழித்து அவளே பொறுமை இழந்தாள். “எல்லாரும் பண்றதையே பண்ணுங்க டீச்சரே. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

டீச்சர் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அடுப்பு மூட்டினார். கைமணம் அப்படியே இருந்தது. பதினைந்து பரிசோதனைகளை ஆட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, பிறகு வாய்க்கு ருசியாகத் தாளித்து எழுதினார். பதினாறாவதுக்கு மட்டும் ஆட்டிப் பார்க்கவே பொருள் இல்லை. அது முறுக்கு ஊசல். ஒரு கம்பியில் கனமான தட்டு தொங்கும், அதை முறுக்கிவிட்டால் கம்பி இப்படியும் அப்படியும் திருகி ஆடும், அந்த வேகத்திலிருந்து கம்பி எவ்வளவு விறைப்பானது என்று கணக்கிட வேண்டும்.

“அது நான் படிக்கற காலத்துலயே இல்ல,” என்றாள் ஜிஸ்மி. “பழைய அலமாரிக்குள்ள தட்டு மட்டும் கெடக்கு, கம்பியக் காணோம். பழைய நோட்டப் பார்த்து பரம்பரையா எழுதிட்டு வர்றோம்.”

பதினாறாவது முழுக்க முழுக்கச் சமையல். கையெழுத்து போட்டாள்.

தேர்வு 2023 பிப்ரவரியில். வேறொரு ஊரில், ஓர் அரசுக் கல்லூரியில். நானும் பொறிஞ்சுவும் கூடப் போனோம். பொறிஞ்சு அன்று மாலை ஒரு பெருநாளில் வாசிக்க வேண்டியிருந்ததால் சீருடையிலேயே இருந்தார், தோளில் தங்கச் சரிகை, கையில் கிளாரினெட் பெட்டி. காவலாளி அவரை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றான்.

கருணை கேட்டு வந்தவர்கள் ஒன்பது பேர். ஒரு வார்டு கவுன்சிலர், ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், வளைகுடாவிலிருந்து திரும்பிய இரண்டு பேர், பேரனை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா. யாருக்கு எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்ய, சாக்பீஸ் டப்பாவுக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். டீச்சர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வராந்தா ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். இடி விழுந்த முகம் அது.

முறுக்கு ஊசல். வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத பொருள். சுவரோரம் மூன்று தொங்கின. மற்ற இரண்டும் கவுன்சிலருக்கும் ஏஜென்டுக்கும் விழுந்திருந்தன.

டீச்சர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். முறைப்படி கொஞ்சம் ஆட்டுவது, பிறகு சமைப்பது. எஃகுக் கம்பி என்று சட்டத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. எஃகுக்கு விடை எட்டு, பக்கத்தில் பத்துப் பூஜ்யம். மனப்பாடம். ஆனால் தட்டை முறுக்கிவிட்டு எண்ணத் தொடங்கினால், பக்கத்து ஊசலில் நின்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் விடவில்லை.

“டீச்சர், உங்களுக்கு பாலிசி ஏதாவது இருக்கா?”

“பதினாலு, பதினஞ்சு... பேசாதீங்க.”

“நாப்பத்தஞ்சுக்கு மேல பிரீமியம் ஏறிடும். இப்பவே எடுத்தா...”

“இருபத்து... இருபத்தெத்தன? அய்யோ, போச்சு!”

மூன்று முறை இப்படி எண்ணிக்கை தவறியது. மூன்றாவது முறை டீச்சர், “உங்க பாலிசிய எங்க வறீதேட்டன்கிட்ட போயி பேசுங்க, எல்லாரும் அவர்கிட்டதான் கடைசியில வர்றாங்க” என்று சத்தம் போட்ட பிறகு அவர் அடங்கினார். அதற்குள் நேரம் போயிருந்தது. நான்காம் முறை எண்ணி முடித்து, கம்பியின் தடிமனை அளந்து, கணக்குப் போட்டால் 4.4 வந்தது. எட்டு எங்கே, 4.4 எங்கே. பின்பக்கமிருந்து சமைக்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ரோஸிலி டீச்சர், நேரமில்லாத ஒரே காரணத்தால், உண்மையை எழுதிக் கொடுத்தார்.

தேர்வாளர் பாலக்காட்டுக்காரர், இளைஞர். முதலில் கவுன்சிலரின் தாள், 8.0. அடுத்து ஏஜென்ட், 7.9. தலையாட்டி வைத்தார். டீச்சரின் தாளில் பேனா நின்றது.

“ஸ்டீலுக்கு எட்டு வரணுமே. உங்களுக்கு பாதிதான் வந்திருக்கு?”

“எனக்கு வந்தது அதுதான் சாரே.”

“எங்கயோ தப்பு பண்ணியிருக்கீங்க.”

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. “எட்டுதான் வேணும்னா இன்னும் இருபது நிமிஷம் குடுங்க, தர்றேன். எத்தன தசமம் வரைக்கும் வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

என் பக்கத்தில் பொறிஞ்சு சிலுவை போட்டுக்கொண்டார்.

தேர்வாளர் எழுந்தார். நேராக ஊசலிடம் போய், சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கம்பியைச் சுரண்டினார். மேலே வெள்ளைப் பூச்சு உரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று செம்பு தெரிந்தது. அடுத்த கம்பி, அதுவும் செம்பு. மூன்றாவதும். லேப் உதவியாளரைப் பார்த்தார்.

“பழசு துருப்பிடிச்சு அறுந்துபோச்சு சாரே,” என்றார் அவர் காதைச் சொறிந்தபடி. “கடையில இதான் கெடச்சுது. எட்டு வருஷமாச்சு. யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே, எல்லாருக்கும் கரெக்டா எட்டுதான வந்துட்டிருக்கு?”

செம்புக்கு 4.4, 4.5தான் வர வேண்டும். அந்த எட்டு வருடத்தில் அந்தக் கம்பியை உண்மையிலேயே அளந்த முதல் ஆள் டீச்சர்தான். கவுன்சிலர் எழுந்து, “நான் அப்பவே சந்தேகப்பட்டேன்” என்றார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

வெளியே வந்த டீச்சர் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. “அந்த ஏஜென்ட் வாய மூடிட்டு இருந்திருந்தா நானும் எட்டுன்னுதான்டீ எழுதியிருப்பேன்” என்று பேருந்து நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜூலையில் முடிவு வந்தது. தேர்ச்சி. பட்டச் சான்றிதழ் வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. சுகுணன் வந்து கால்புள்ளிக்குப் பக்கத்தில் மீதியை எழுதினான். பழைய பெயின்ட் மங்கலாகவும் புதியது பளபளவென்றும் இருந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் ‘பி.எஸ்சி.’ என்பதுதான் அவர் பெயர்போலத் தெரியும். பிள்ளைகள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். ஜங்ஷன் டுட்டோரியல்காரன் நோட்டீஸில் சிவப்பு எழுத்தைக் கறுப்பாக்கினான். போன வருடம் அவன் மகளே ரியல் அனாலிஸிஸில் தோற்று, வறீதேட்டனைத் தாண்டி மாடியேறி வந்தாள். டீச்சர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாரில் தொடங்கினார்.

இந்த வருடம், 2025 ஜனவரியில், நான் மாடியில் உட்கார்ந்து டீச்சருடன் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது அவர் போன் ஒலித்தது. நீலக்கோடு விழுந்து இரண்டரை வருடம் கழித்துப் பதில். டீச்சர் படித்தார். முதலில் முகம் சிவந்தது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

‘ரோஸிலி, சாராம்மா மிஸ் பேசறேன். உன் மெசேஜ அன்னைக்கே பார்த்தேன். பதில் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ பாஸானது ஜிஸ்மி சொல்லித்தான் தெரியும், அதனாலதான் இப்ப தைரியம் வந்திருக்கு. உன் நோட்டு தொலையல. கைப்பையிலதான் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நீ பதினாறாவது எழுதின தேதி பிப்ரவரி பதினாலு. முறுக்கு ஊசல் கம்பி ஜனவரி ஆறாம் தேதியே அறுந்துபோச்சு. அறுத்தது நான்தான். பிளாசிடா சிஸ்டருக்குப் பயந்து யாருக்கும் சொல்லாம அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். உன் பொய்யச் சொன்னா என்னோடதும் வெளிய வரும். கையெழுத்துப் போட்டா அதவிடப் பெரிய பொய். என்ன பண்றதுன்னு தெரியாம தூக்கிட்டு வந்துட்டேன், அப்புறம் திருப்பி அனுப்ப முகமில்ல. இங்க பசங்களுக்கு ரெக்கார்டுன்னா எப்படி இருக்கணும்னு இத்தன வருஷமும் உன்னோடதத்தான் காட்டினேன். இன்னைக்குப் பதினஞ்சுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். பதினாறாவதுல மட்டும் முடியாது, மன்னிச்சுக்கோ. ஜோஸோட பையன் ஈஸ்டருக்கு லீவுல வர்றான். குடுத்தனுப்பறேன்.’